எந்தப் படிப்பு என்று கேளுங்கள்

"கோர்ஸ் எதுவா இருந்தா என்னங்க, அங்க போய்ச் சேர்ந்தாப் போதும்." பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பத் தயாராகும் கொங்கு வீடுகளில் இந்தப் பேச்சு இப்போது கேள்வியே இல்லாத உண்மையாகிவிட்டது. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் எங்கும் இதுதான் பேச்சு. பையன் எங்கே என்று விசாரித்தால் யூ.கே. என்றோ கனடா என்றோ பதில் வரும். என்ன படிக்கிறான் என்று கேட்டால், "ஏதோ எம்.எஸ்.ஸுங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். நாட்டைப் பற்றி ஆறு மாதம் யோசித்த குடும்பம், படிப்பை ஒரு மாலை நேரத்தில், மூன்றாம் மனிதர் ஒருவரின் கணினித் திரையைப் பார்த்து முடிவு செய்திருக்கும்.

இந்தக் கருத்து தவறு என்பது மட்டுமல்ல, இன்றைய நிலையில் ஆபத்தானது என்றும் சொல்கிறேன். நாட்டைவிடப் படிப்பு முக்கியம். பல்கலைக்கழகத்தின் பெயரைவிடவும், தரவரிசை எண்ணைவிடவும் படிப்பு முக்கியம். அங்கே வேலை செய்ய அனுமதி கிடைக்குமா, கடன் அடையுமா, திரும்பி வந்தால் இங்கே மதிப்பு உண்டா என்ற மூன்றையும் இன்று தீர்மானிப்பது, ஆஃபர் லெட்டரில் சிறிய எழுத்தில் இருக்கும் அந்தப் படிப்பின் பெயர்தான்.

எதிர்த் தரப்பின் நியாயத்தை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். நாடு போதும் என்பவர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை. அவர்கள் கண்முன்னே சான்று இருக்கிறது. 2010களில் கனடாவுக்குப் போய், பெயர் தெரியாத ஒரு கல்லூரியில் ஹோட்டல் நிர்வாக டிப்ளமோ சேர்ந்தவர் அங்கேயே வேலை பார்த்து, நிரந்தரக் குடியுரிமை வாங்கி, பெருந்துறைப் பக்கம் பெற்றோருக்கு வீடு கட்டிக் கொடுத்திருக்கிறார். அவர் அந்த டிப்ளமோவை ஒரு நாளும் பயன்படுத்தவில்லை. "படிப்புங்கிறது பஸ் டிக்கெட் மாதிரிங்க, ஊர் வந்ததும் அதை யார் பாக்கறாங்க?" என்று அவருடைய மாமா கேட்டால், அந்தக் காலத்துக்கு அது சரியான கேள்விதான்.

காலம் மாறிவிட்டது. டிக்கெட்டைப் பார்க்க இப்போது ஆள் இருக்கிறார்கள்.

கனடாவையே எடுத்துக்கொள்வோம். 2024 ஜனவரியில் அந்நாட்டு அரசு வெளிநாட்டு மாணவர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைத்தது. அதே ஆண்டு மே 15க்குப் பிறகு, அரசுக் கல்லூரியின் பாடத்திட்டத்தைத் தனியார் கல்லூரி வாங்கி நடத்தும் ஏற்பாட்டில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் படிப்பு முடிந்தபின் பணி அனுமதி கிடையாது என்றாயிற்று. நம் பிள்ளைகள் பலர் சேர்ந்தது அந்த மாதிரிக் கல்லூரிகளில்தான். நவம்பர் 1 முதல் இன்னொரு விதி வந்தது. கல்லூரி டிப்ளமோவுக்கு விண்ணப்பிப்பவர் குறிப்பிட்ட துறைகளில் படித்தால்தான் பணி அனுமதி. வேளாண்மை, மருத்துவப் பணி, அறிவியலும் தொழில்நுட்பமும், கைத்தொழில், போக்குவரத்து என்று பட்டியல் போட்டார்கள். ஏஜென்டுகள் அதிகம் விற்ற வணிக நிர்வாக டிப்ளமோவும் ஹோட்டல் நிர்வாக டிப்ளமோவும் அதில் இல்லை. பல்கலைக்கழகப் பட்டப்படிப்புகளுக்கு இந்தத் துறைக் கட்டுப்பாடு பொருந்தாது. ஆக ஒரே நாடு, ஒரே நகரம், ஒரே ஆண்டு, ஒரே செலவு; ஒருவனுக்கு வேலை உண்டு, பக்கத்து அறைக்காரனுக்கு இல்லை. வித்தியாசம் படிப்பில் மட்டும்.

அமெரிக்காவில் இது இன்னும் பழைய கதை. அங்கே ஒவ்வொரு படிப்புக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு. அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் சார்ந்தது என்று அரசு ஏற்றுக்கொண்ட எண்ணாக இருந்தால், படித்து முடித்த மாணவர் ஓராண்டும் அதன்மேல் இரண்டாண்டும் வேலை செய்யலாம். இல்லையென்றால் ஓராண்டோடு சரி. சாதாரண எம்.பி.ஏ.வுக்கு ஓராண்டு, அதே கட்டடத்தில் நடக்கும் பிசினஸ் அனலிட்டிக்ஸ் படிப்புக்கு, எண் சரியாக இருந்தால், மூன்றாண்டு. எச்-1பி விசா ஆண்டுக்கு 85,000 பேருக்குத்தான், அதுவும் குலுக்கலில். மூன்றாண்டு இருப்பவருக்குப் பலமுறை வாய்ப்பு; ஓராண்டுக்காரருக்குப் பெரும்பாலும் ஒரே முறை. 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்ற அறிவிப்பு வந்தபிறகு, அங்கே மாணவராக இருந்தபடியே விசாவை மாற்றிக்கொள்ள முடிகிறவருக்கும், ஊர் திரும்பிவிட்டு இங்கிருந்து முயல்பவருக்கும் இடையே தூரம் இன்னும் கூடிவிட்டது. 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் படித்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர்; அந்த ஆண்டு சீனாவை முந்தினோம். பெருமைப்பட்டுக்கொண்டோம். அவர்களில் எத்தனை குடும்பங்கள் அந்தக் குறியீட்டு எண்ணைக் கேட்டுவிட்டுக் கட்டணம் கட்டியிருக்கும்?

பிரிட்டனில் படிப்புக்குப் பின் இரண்டாண்டு தங்கி வேலை தேடலாம் என்ற ஏற்பாடு 2021 ஜூலையில் வந்தது. கோவையிலிருந்து லண்டன், லெஸ்டர், பர்மிங்காம் என்று நம் பிள்ளைகள் கிளம்பியது அதற்குப் பிறகுதான். 2024 ஜனவரி முதல், ஆராய்ச்சிப் படிப்பில் சேர்பவரைத் தவிர மற்றவர் மனைவியையோ கணவரையோ அழைத்துச் செல்ல முடியாது. அந்த இரண்டாண்டு, 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்குப் பதினெட்டு மாதமாகக் குறைகிறது. முனைவர் பட்டத்துக்கு மட்டும் மூன்றாண்டு அப்படியே இருக்கிறது. திறன் பணியாளர் விசாவுக்கான பொது ஊதிய வரம்பு 2025 ஜூலையில் ஆண்டுக்கு 41,700 பவுண்டுக்கு ஏறியது. புதிதாகப் படித்து வருவோருக்குச் சலுகை உண்டு என்றாலும், 'இன்டர்நேஷனல் பிசினஸ்' என்ற பெயரில் ஓராண்டு படித்துவிட்டுக் கிடங்கிலும் கடையிலும் பகுதிநேர வேலை பார்த்தவர் அந்தச் சலுகை வரம்பைக்கூட எட்டுவது கடினம். குறிப்பிட்ட தொழில்திறன் உள்ளவரை நிறுவனம் தேடும். பொதுவான மேலாண்மைப் பட்டம் பெற்றவர் அங்கே பிறந்தவர்களிலேயே ஏராளம்.

மூன்று நாடுகளுமே ஒரே திசையில் நகர்ந்திருக்கின்றன. வந்தவர் யார் என்பதைவிட, வந்து என்ன படித்தார் என்று பார்க்கத் தொடங்கியிருக்கின்றன. மாமாவின் அனுபவம் உண்மை. ஆனால் அது காலாவதியான உண்மை. அதை நம்பித் தோட்டப் பத்திரத்தை வங்கியில் வைப்பவர் பத்தாண்டுக்கு முந்தைய நாட்டுக்கு மகனை அனுப்பப் பார்க்கிறார்.

அப்படியானால் இந்த நம்பிக்கை ஏன் சாகாமல் இருக்கிறது? அதை உயிரோடு வைத்திருப்பதில் லாபம் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

அவிநாசி சாலையிலும் ஆர்.எஸ். புரத்திலும் காந்திபுரத்திலும் வரிசையாக இருக்கும் கன்சல்டன்சிகளில் ஆலோசனை இலவசம். இந்த இலவசத்துக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்று கேட்கும் பெற்றோர் குறைவு. மாணவரைச் சேர்த்துவிடும் ஏஜென்டுக்கு முதலாண்டுக் கட்டணத்தில் ஒரு பங்கைப் பல்கலைக்கழகம் தருகிறது. இது ரகசியம் இல்லை. பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடா பல்கலைக்கழகங்கள் வெளிப்படையாகச் செய்யும் ஏற்பாடு. 2024 மே மாதம் பிரிட்டன் அரசின் குடியேற்ற ஆலோசனைக் குழு, இந்த ஏஜென்டுகளைக் கட்டாயமாகப் பதிவு செய்யவைக்க வேண்டும் என்று பரிந்துரைக்கும் அளவுக்கு விஷயம் போனது. அந்தத் தொழில் செய்பவர்கள் எல்லாம் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. நேர்மையாக வழிகாட்டுபவர்களை எனக்குத் தெரியும். ஆனால் நேர்மையான ஏஜென்டின் திரையிலும் ஒப்பந்தம் உள்ள பல்கலைக்கழகங்கள்தான் முதலில் வரும். "உங்க பையனுக்கு இந்த நாலு கோர்ஸ் இருக்குங்க" என்று அவர் சொல்லும்போது, உலகத்தில் இருப்பது நாலு என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். அவருக்குப் பணம் வரக்கூடியது நாலு என்பதே சரியான பொருள்.

ஜெர்மனி இதற்குத் தெளிவான உதாரணம். அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பியர் அல்லாதவர்களுக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 முதல் கட்டணம் வசூலிக்கத் தொடங்கியது. மற்ற இடங்களில் பெரும்பாலும் சிறிய பருவக் கட்டணம் மட்டும். வாழ்க்கைச் செலவுக்காக ஓராண்டுக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் காட்ட வேண்டும். அதுவும் நம் பணம், மாதாமாதம் நமக்கே திரும்ப வரும். கட்டணம் இல்லாத இடத்தில் கமிஷனும் இல்லை. அதனால் இவற்றைத் தானாக முன்வந்து சொல்ல யாருக்கும் அவசரம் இல்லை. சொன்னாலும், கட்டணம் வாங்கும் தனியார் ஜெர்மன் கல்லூரிகளின் பெயர்தான் முதலில் வருகிறது. இன்னொன்றும் உண்டு. ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகம் முதுகலைக்கு எடுக்கும்போது, இளங்கலையில் படித்த பாடங்கள் இதோடு பொருந்துகின்றனவா என்று ஒவ்வொன்றாக ஒப்பிடும். இயந்திரவியல் படித்தவர் நினைத்த மாத்திரத்தில் வேறு துறைக்குத் தாவ முடியாது. ஏதோ ஒரு கோர்ஸ் என்ற பேச்சு அங்கே செல்லுபடியாகாது. எனக்கு அந்த நாட்டின்மேல் மதிப்பு கூடுவதற்கு அதுவும் ஒரு காரணம். மொழியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும்: ஆங்கிலத்தில் படிக்கலாம், ஆனால் வேலைக்கு ஜெர்மன் தேவை. இங்கிருக்கும்போதே படிக்கத் தொடங்காதவர் அங்கே போய்த் திணறுவார்.

பணக் கணக்கைப் பார்ப்போம். பொதுத்துறை வங்கிகளில் வழக்கமாக 7.5 லட்சத்துக்கு மேல் கல்விக்கடன் என்றால் சொத்து ஈடு கேட்பார்கள். முப்பது லட்சம் கடன், 11 விழுக்காடு வட்டி, பத்தாண்டு என்று வைத்தால் மாதத் தவணை 41,000 ரூபாயைத் தாண்டும். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி தனி. அங்கே துறை சார்ந்த வேலை கிடைத்தால் இந்தத் தவணை பெரிதில்லை. கிடைக்காமல் திரும்பி, கோவையில் தொடக்க நிலை வேலையில் சேர்ந்தவர் சம்பளத்தை முழுக்கக் கொடுத்தாலும் போதாது. அப்போது தவணையை யார் கட்டுகிறார்கள்? தென்னந்தோப்பும் விசைத்தறிக் கொட்டகையும் அம்மாவின் நகையும் கட்டுகின்றன. விதி மாறியதற்கு அந்தப் பையன் பொறுப்பில்லை. ஆனால் படிப்பின் பெயரைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது நம் பொறுப்பு.

மருத்துவம் படிக்கப் போகிறவர்களின் நிலை இன்னும் கொடியது. "டாக்டர் ஆகிட்டாப் போதும், எந்த நாடா இருந்தா என்ன" என்று அங்கே பேச்சு வேறு வடிவம் எடுக்கிறது. 2021 நவம்பர் 18 அன்று தேசிய மருத்துவ ஆணையம் விதி வெளியிட்டது. படிப்பு குறைந்தது 54 மாதம், ஆங்கில வழியில், முழுக்க ஒரே கல்லூரியில். அங்கேயே 12 மாதம் பயிற்சி மருத்துவம். அந்த நாட்டில் மருத்துவம் பார்க்கத் தகுதி தரும் பட்டமாக இருக்க வேண்டும். திரும்பியபின் இங்கும் ஓராண்டு பயிற்சி. இவற்றில் ஒன்று குறைந்தாலும் இங்கே பதிவு இல்லை. எல்லாம் சரியாக இருந்தாலும் வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்கான தகுதித் தேர்வில் 300க்கு 150 எடுக்க வேண்டும். 2023 டிசம்பர் பருவத்துக்கான அந்தத் தேர்வை எழுதியவர்களில் தேறியவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். இது நாட்டைப் பற்றிய விதி இல்லை. பாடத்திட்டத்தின் நீளம், மொழி, பயிற்சி ஆகியவற்றைப் பற்றிய விதி. இதைப் படித்துக் காட்டாமல் சேர்க்கை நடத்துகிறவர் எவராக இருந்தாலும் அந்தக் குடும்பத்துக்குத் துரோகம் செய்கிறார். 2022இல் உக்ரைனிலிருந்து பாதிப் படிப்போடு ஓடிவந்த பிள்ளைகள் பட்ட பாட்டைப் பார்த்தபிறகும் நாம் பாடத்திட்டத்தைத் திறந்து பார்க்கப் பழகவில்லை என்பது என்னை வருத்துகிறது.

இதுவரை சொன்னது இழப்பைப் பற்றி. என் கோபத்துக்குக் காரணம் அது மட்டுமில்லை. நம் மண்ணின் தொழில்களுக்கு உயிர் கொடுக்கக்கூடிய படிப்புகள் உலகத்தில் இருக்கின்றன; நம் பிள்ளைகள் அவற்றின் பெயரைக்கூடக் கேள்விப்படாமல் விமானம் ஏறுகிறார்கள்.

கோவையைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்தோம். ஜெர்மனியின் மேற்கு எல்லையில் மொன்ஷென்கிளாட்பாக் என்று ஒரு நகரம் இருக்கிறது. அதை ரைன் நதிக்கரை நாட்டின் மான்செஸ்டர் என்று அழைத்தார்கள். அங்கே மில்கள் பெரும்பாலும் மூடிவிட்டன. ஆனால் ஜவுளிப் படிப்பை மூடவில்லை. அங்குள்ள நீடர்ரைன் பல்கலைக்கழகத்தின் வேர் 1855இல் பக்கத்து ஊரான கிரேஃபெல்டில் தொடங்கிய நெசவுப் பள்ளி. இன்று அதன் ஜவுளித்துறை ஐரோப்பாவின் பெரிய ஜவுளிக் கல்வி மையங்களில் ஒன்று. ஆங்கிலவழி முதுகலையும் உண்டு. அரசுக் கல்லூரி, கல்விக் கட்டணம் இல்லை. உலகத் தரவரிசைப் பட்டியலின் முதல் நூறில் தேடினால் அது கிடைக்காது. தரவரிசையைப் பார்த்துப் படிப்பைத் தேர்ந்தெடுப்பவர்கள் இழப்பது இதைத்தான். ஆகன், டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களில் ஜவுளி இயந்திரவியலுக்குத் தனி ஆய்வு நிறுவனங்கள் உண்டு. சுவீடனில் 1866இல் நெசவுப் பள்ளியாகப் பிறந்த பூரோஸ் நகர ஜவுளிக் கல்லூரி, பெல்ஜியத்தில் கென்ட், இங்கிலாந்தில் லீட்ஸ், அமெரிக்காவில் வட கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகம் என்று இந்தத் துறைக்கு உலகம் முழுக்க முகவரி இருக்கிறது. சில இடங்களில் கட்டணம் அதிகம். ஆனால் கொடுக்கும் பணத்துக்கு அங்கே கிடைப்பது ஒரு தொழில்.

திருப்பூருக்கு ஏன் இது வேண்டும் என்று கேட்டால், நொய்யல் ஆறு பதில் சொல்லும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளையும் சலவைப் பட்டறைகளையும் மூடச் சொன்னது. ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய சாயக்கழிவு கீழ்ப்பகுதி விவசாயத்தைக் கெடுத்ததாக விவசாயிகள் பல ஆண்டுகள் போராடிப் பெற்ற உத்தரவு அது. அதன்பின் கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு ஊர் மாறியது. சவ்வு வடிகட்டியும் ஆவியாக்கியும் வைத்துத் தண்ணீரை மீட்கிறார்கள்; உப்பையும் மீட்கிறார்கள். மீட்க முடியாத கலப்பு உப்பும் சேறும் இன்னும் குவிகின்றன. மின்செலவு பட்டறைக்காரர்களின் முதுகை ஒடிக்கிறது. இதற்கு விடை சொல்ல வேண்டிய படிப்புகள் நீர்ப் பொறியியலும் சவ்வுத் தொழில்நுட்பமும் சாய வேதியியலும். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் நீர்க் கல்விக்கென்றே 1957இல் தொடங்கிய ஐ.எச்.இ. நிறுவனம் வளரும் நாடுகளின் பொறியாளர்களுக்காகவே நடக்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியச் சட்டம், விற்கும் பொருளின் சுற்றுச்சூழல் விவரங்களை மின்னணுக் கடவுச்சீட்டாகக் கொடுக்க வைக்கப்போகிறது. முதலில் கைவைக்கும் பொருள்களில் துணியும் ஒன்று. பனியன் ஒன்றுக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு மின்சாரம், எந்தச் சாயம் என்று கணக்குக் காட்டத் தெரிந்தவர்கள் திருப்பூருக்குத் தேவை. அந்தக் கணக்கை ஒரு துறையாகவே ஐரோப்பாவில் சொல்லிக்கொடுக்கிறார்கள். நம் பிள்ளை அதே ஐரோப்பாவில் 'ஜெனரல் மேனேஜ்மென்ட்' படித்துக்கொண்டிருக்கிறான்.

நாமக்கல் முட்டையும் இப்படித்தான். அங்கே கால்நடை மருத்துவக் கல்லூரி 1985இலிருந்து இருக்கிறது. ஓசூரில் கோழியினத் தொழில்நுட்பத்துக்குத் தனிப் பட்டப்படிப்பே உண்டு. அவற்றுக்கு மேலே படிக்க அமெரிக்காவில் ஜார்ஜியா, ஆபர்ன், ஆர்கன்சா பல்கலைக்கழகங்களில் கோழியியலுக்குத் தனித் துறைகள் இருக்கின்றன. ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்து முதுகலை மாணவரை எடுத்துக்கொள்ளும் வழக்கம் அமெரிக்க வேளாண் துறைகளில் உண்டு. கோவையின் வார்ப்படச் சாலைகளுக்கும் பம்பு கம்பெனிகளுக்கும் ஏற்றவையும் உள்ளன. 1765இல் தொடங்கிய ஃப்ரைபெர்க் சுரங்கப் பல்கலைக்கழகத்தில் வார்ப்படத்துக்கென்று ஓர் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. நார்வேயின் டிரொன்ஹெய்மில் நீர்விசை ஆய்வகம் இருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு வலுவான மறுப்பு எழும். மில் முதலாளி மகனுக்கு ஜவுளிப் படிப்பு சரி. மில்லில் கூலிக்குப் போகிறவர் மகளையும் அதே ஜவுளிக்குள் போ என்கிறாயா? அவள் இந்த ஊரின் தொழிலிலிருந்தும் சாதியிலிருந்தும் தப்பிக்கத்தானே வெளிநாடு போகிறாள்? இந்தக் கேள்வியின் நியாயத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். கொங்கு மண்ணில் அருந்ததியர் வீட்டுப் பிள்ளைக்கு இந்த ஊரை விட்டு வெளியேறுவதே விடுதலை என்றால், திரும்பி வா என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. அவள் வானியல் படிக்கட்டும், சட்டம் படிக்கட்டும், தத்துவம் படிக்கட்டும். நான் கேட்பது ஜவுளியை அல்ல, தெரிந்து தேர்வதை. நிலமும் சொந்தபந்தப் பணமும் இல்லாத குடும்பத்துக்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது என்பதால், தவறான படிப்பு அவளைத்தான் அதிகம் அடிக்கும். முதலாளி மகன் தவறாகப் படித்துவிட்டு வந்தாலும் கம்பெனி காத்திருக்கும்.

அவளுக்கு எந்தப் படிப்பு கிடைக்கலாம் என்பதை அரசும் தீர்மானிக்கப் பார்க்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். பட்டியல் சாதி மாணவர்களுக்கான ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகையில், இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய படிப்புகளுக்கு இனி உதவி இல்லை என்று 2022இல் விதி போட்டார்கள். சாதியைப் பற்றி வெளிநாட்டில் ஆராய நினைக்கும் தலித் மாணவருக்குக் கதவு அடைக்கப்பட்டது. படிப்பின் பெயர் முக்கியமில்லை என்றால் அரசு ஏன் பெயர் சொல்லி அடைக்கிறது? தமிழ்நாட்டு அரசு ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கென அண்ணல் அம்பேத்கர் பெயரில் அயலக உயர்கல்வி உதவித்தொகைத் திட்டம் நடத்துகிறது. தகுதியுள்ள வீடுகளில் அதைப் பற்றி இன்னும் போதுமான பேச்சு இல்லை. கன்சல்டன்சியின் விளம்பரப் பலகை போய்ச்சேரும் இடமெல்லாம் இந்தத் திட்டத்தின் பெயரும் போய்ச்சேர வேண்டும்.

பதினேழு, இருபது வயதில் பிள்ளைக்கு என்ன தெரியும், அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்பார்கள் சிலர். மாற்றலாம்தான். ஆனால் படிப்பை மாற்றினால் விசாவும் பணி அனுமதியும் கட்டணமும் கேள்விக்குள்ளாகும் நாடுகள் பல. போகும் முன் செய்ய வேண்டிய யோசனையை அந்நிய மண்ணில், கடன் ஓடிக்கொண்டிருக்கும்போது செய்யச் சொல்வது வழிகாட்டல் ஆகாது.

இந்த ஊர் எப்போதும் இப்படி இருந்ததில்லை. கோவைத் தொழிலதிபர் ஜி.டி. நாயுடு 1945இல் ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் பொறியியல் கல்லூரி தொடங்க உதவினார். இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரியின் தொடக்கம் அது. நான்காண்டுப் படிப்பு வீண், இரண்டாண்டில் முடிக்கலாம் என்று அவர் வாதாடினார்; அரசு கேட்கவில்லை; பொறுப்பிலிருந்து விலகினார். அவர் சொன்னது சரியா தவறா என்பது இங்கே கேள்வி இல்லை. பாடத்திட்டத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதற்காகப் பதவியை விட்டவர் இந்த ஊரில் இருந்தார். இங்கிலாந்தில் மின்பொறியியல் படித்துத் திரும்பிய ஜி.ஆர். தாமோதரன், 1951இல் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியை உருவாக்கி முதல்வராக நடத்தியதோடு நிற்கவில்லை. தமிழில் அறிவியல் சொல்ல 'கலைக்கதிர்' இதழையும் தொடங்கினார். அவர் போனது ஒரு படிப்புக்காக. கொண்டுவந்ததும் அந்தப் படிப்பைத்தான். அவர்கள் காலத்துக் கோவைக்காரர்களுக்கு ஒரு பட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கத் தெரிந்திருந்தது. இன்று அதே அவிநாசி சாலையில் அந்தக் கேள்வி நின்றுபோனதை நான் வீழ்ச்சி என்றே சொல்வேன்.

நம் கல்லூரிகளுக்கும் இதில் கடமை உண்டு. வேலைவாய்ப்புப் பிரிவு இருக்கிற மாதிரி, வெளிநாட்டுப் படிப்புகளை விற்காமல் விளக்கிச் சொல்லும் ஒரு பிரிவு ஒவ்வொரு கல்லூரியிலும் வேண்டும். பாரதியார் பல்கலைக்கழகமும் வேளாண் பல்கலைக்கழகமும் தங்கள் முன்னாள் மாணவர்கள் எந்த நாட்டில் எந்தப் படிப்பில் சேர்ந்து என்ன ஆனார்கள் என்று ஆண்டுதோறும் வெளியிட்டால், ஏஜென்டின் திரைக்கு மாற்று ஒன்று கிடைக்கும். கொடீசியா அரங்கில் கல்விக் கண்காட்சி நடத்துகிறவர்கள், எந்தப் பல்கலைக்கழகத்திடம் கமிஷன் வாங்குகிறார்கள் என்று ஒவ்வொரு கடையிலும் பலகை வைக்க வேண்டும் என்று மாவட்ட நிர்வாகம் நிபந்தனை போடலாம்.

அதுவரை பெற்றோரே, நீங்கள் செய்யக்கூடியது இது. முன்பணம் கட்டும் முன் அந்தப் பல்கலைக்கழகத்தின் சொந்த இணையதளத்தை, ஏஜென்டின் அலுவலகத்தில் அல்லாமல் உங்கள் வீட்டில் உட்கார்ந்து திறக்கச் சொல்லுங்கள். படிப்பின் பெயரையும், ஒவ்வொரு பருவத்திலும் என்னென்ன பாடம் என்பதையும் மகனோ மகளோ உங்களுக்குத் தமிழில் சொல்லட்டும். இதைப் படித்தால் எந்த வேலைக்குத் தகுதி, எவ்வளவு காலம் அங்கே வேலை பார்க்க அனுமதி, அது எந்த அரசுப் பக்கத்தில் எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாதது குறையே இல்லை. அவர்களால் உங்களுக்குப் புரியும்படி சொல்ல முடியவில்லை என்றால் அவர்களுக்கே இன்னும் புரியவில்லை என்று பொருள். அந்தப் பதில் வரும்வரை பத்திரத்தைப் பீரோவிலிருந்து எடுக்காதீர்கள். செப்டம்பர் இன்டேக் போனால் ஜனவரி இன்டேக் வரும்.